நாக்குப் புண்ணைச் சீன மரபு மருத்துவத்தின் வழியில் புரிந்துகொள்ளுதல்: தொடக்கநிலை வழிகாட்டி

நாக்கில் புண்ணோடு வருபவரிடம் சீன மரபு மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை புண்ணைப் பற்றியவையாக இருப்பதில்லை. தூக்கம் எப்படி இருக்கிறது, தாகம் எடுக்கிறதா, குளிர்ந்த நீர் வேண்டியிருக்கிறதா வெந்நீர் வேண்டியிருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, சிறுநீரின் நிறம் என்ன, மாலையில் உள்ளங்கை காய்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே போவார். முதன்முறை செல்பவருக்கு இது தொடர்பில்லாத விசாரணையாகத் தோன்றலாம். ஆனால் அந்த மருத்துவ முறையில் நாக்குப் புண்ணுக்கு என்று தனியாக ஒரே மருந்து கிடையாது. இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள்தாம் மருந்தைத் தீர்மானிக்கின்றன.

வாய்ப்புண் என்றால் உடல்சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி என்று கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். சீன மருத்துவமும் புண்ணைத் தீயோடு சேர்த்துத்தான் பேசுகிறது. எனினும் அந்தத் தீ எதனால் எழுந்தது என்று பிரித்தறியாமல் குளிர்விக்கும் மருந்தைக் கொடுத்தால், சிலருக்குப் புண் ஆறும், சிலருக்கு மீண்டும் மீண்டும் வரும் என்று அது எச்சரிக்கிறது. இந்தப் பிரிவினையைத் தொடக்கநிலையினர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் விலக்க வேண்டியவை

எந்த மரபு மருத்துவத்தின் கண்கொண்டு பார்ப்பதற்கு முன்பும், உங்கள் புண் சாதாரணப் புண்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வாயில் அடிக்கடி வந்துபோகும் ஆஃப்தஸ் வகைப் புண் பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் உடையது, நடுவில் மஞ்சள் கலந்த வெண்மையும் சுற்றிலும் சிவப்பும் இருக்கும், நன்றாக வலிக்கும், 7 முதல் 14 நாள்களுக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

மூன்று வாரமாகியும் ஆறாத புண், விளிம்பு தடித்துக் கையில் கடினமாகத் தட்டுப்படும் புண், வலியே இல்லாமல் பரவும் புண், இரத்தம் கசியும் புண், கழுத்தில் கட்டியோடு வரும் புண் ஆகியவற்றை, நாக்கின் பகுதிகளை உறுப்புகளோடு இணைக்கும் சீன மருத்துவ வரைபடத்தில் வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. பல் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ உடனே காட்ட வேண்டும். புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது ஆகிய பழக்கங்கள் உள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் நாக்கில் புற்றுநோய் பெரும்பாலும் தோன்றும் இடம் அதன் பக்கவாட்டு விளிம்பு. அதே விளிம்பைச் சீன மருத்துவம் கல்லீரலுக்கு உரியதாகச் சொல்வதால், அங்கே வந்த புண்ணைக் கோபத்தாலும் மனஅழுத்தத்தாலும் வந்தது என்று எண்ணி மாதக்கணக்கில் தேநீர் குடித்துக் காலம் கடத்தும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது.

உடைந்த பல்லின் கூர்முனை, பொருந்தாத பல்செட், புதிதாக மாற்றிய பற்பசை ஆகியவையும் காரணமாகலாம். நெஞ்சுவலிக்குத் தரப்படும் நிக்கோரண்டில், மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளும் வாயைப் புண்ணாக்கக்கூடும். வாயோடு பிறப்புறுப்பிலும் புண் வந்து கண்ணும் சிவந்தால் அது பெசெட் நோயாக இருக்கக்கூடும். துருக்கியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் 1937இல் விவரித்த நோய் அது. சாங் சோங்ஜிங் என்ற ஹான் காலத்து மருத்துவர் தொண்டையிலும் பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு ஆகியவற்றை ஒரே நோயின் குறிகளாகச் சேர்த்து எழுதி, அதிமதுரத்தை முதன்மையாகக் கொண்ட ஒரு கசாயத்தையும் விட்டுச்சென்றிருக்கிறார். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இவற்றைச் சேர்த்துப் பார்த்தது எனக்குப் பெருமதிப்பைத் தருகிறது. ஆனாலும் இன்று அந்த நோய்க்குக் கண் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். பார்வையை இழக்கும் வாய்ப்பு அதில் உண்டு.

நாக்கைப் பார்க்கும் முறை

காலையில் பகல் வெளிச்சம் விழும் சன்னல் அருகே கண்ணாடியோடு நில்லுங்கள். மஞ்சள் விளக்கொளியில் எல்லா நாக்கின் படிவும் மஞ்சளாகவே தெரியும். அதற்கு முன் காபி, மஞ்சள் சேர்த்த உணவு, வெற்றிலை, நிறமூட்டிய மிட்டாய் எதுவும் வாயில் பட்டிருக்கக் கூடாது. அன்று காலை நாக்கை வழிக்கவும் கூடாது, ஏனெனில் வழித்துவிட்டால் பார்க்க வேண்டிய படிவே போய்விடும். நாக்கை விறைப்பாக நீட்டாமல் தளர்வாகத் தொங்கவிட்டு, சில நொடிகளுக்குள் பார்த்து முடித்து உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் நீட்டினால் இரத்தம் தேங்கி நிறம் கருஞ்சிவப்பாக மாறிவிடும்.

கவனிக்க வேண்டியவை நான்கு: சதையின் நிறம், வடிவம், மேலே படிந்திருக்கும் படிவு, ஈரம். இளஞ்சிவப்புச் சதையும் மெல்லிய வெண்படிவும் இயல்பானவை. சதை வெளுத்திருப்பது இரத்தமோ உயிராற்றலோ குறைந்ததைக் காட்டும். சிவந்திருப்பது வெப்பத்தைக் காட்டும். நாக்கு உப்பி ஓரங்களில் பற்களின் தடம் பதிந்திருந்தால் மண்ணீரல் சோர்ந்திருப்பதாகக் கொள்வார்கள். தடித்த மஞ்சள் படிவு செரிமானப் பாதையில் தேங்கிய வெப்பத்துக்கு அடையாளம். படிவே இல்லாமல் வழுவழுப்பாக இருப்பது உடலின் குளிர்ச்சியும் நீர்மையும் வற்றியதற்கு அடையாளம். 1341இல் வெளியான ஒரு சீன நூல் 36 நாக்குப் படங்களைக் காய்ச்சல் நோய்களோடு இணைத்து விளக்குகிறது என்பதிலிருந்து இந்தக் கவனிப்பின் பழமை புரியும்.

புதிதாகக் கண்ணாடியில் பார்ப்பவர்கள் அடிக்கடி பயப்படும் ஓரிரு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நாக்கின் அடிப்பகுதியில், அதாவது தொண்டையை ஒட்டிய பின்பகுதியில், தலைகீழ் ‘V’ வடிவில் வரிசையாக இருக்கும் பெரிய மொட்டுகள் புண்கள் அல்ல, எல்லோருக்கும் இருக்கும் சுவை அரும்புகளின் இருப்பிடம் அவை. பின்பக்க ஓரங்களில் தெரியும் மடிப்புகளும் இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால் இயல்பானவையே. நாட்டு வரைபடம் போலத் திட்டுத்திட்டாகப் படிவு உரிந்து, சில நாள்களில் திட்டுகள் இடம் மாறினால் அது தீங்கற்ற நிலை. அதையும் புண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புண் எங்கே இருக்கிறது

சீன மருத்துவத்தின் மூலநூலான மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல் இதயத்தின் ஆற்றல் நாக்கோடு தொடர்புடையது என்றும், இதயம் சீராக இருந்தால்தான் நாக்கு ஐந்து சுவைகளையும் அறியும் என்றும் கூறுகிறது. வலியும் அரிப்பும் உள்ள புண்களை இதயத்தோடு சேர்த்துப் பேசுவதும் அதே நூல்தான். பின்னால் வந்தவர்கள் நாக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள்: நுனி இதயத்துக்கும் அதை ஒட்டிய பகுதி நுரையீரலுக்கும், நடுப்பகுதி மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும், ஓரங்கள் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும், அடிப்பகுதி சிறுநீரகத்துக்கும் உரியவை.

இந்த இடத்தில் பலர் பதறுகிறார்கள். ‘இதயத் தீ’ என்று மருத்துவர் சொன்னால் மாரடைப்புக்கு அறிகுறி என்று பொருளில்லை. ‘சிறுநீரகக் குறைவு’ என்றால் இரத்தத்தில் கிரியேட்டினின் கூடிச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றும் பொருளில்லை. இங்கே உறுப்பின் பெயர் ஒரு செயல்தொகுதியைக் குறிக்கிறது. இதயம் என்பதில் இரத்த ஓட்டத்தோடு தூக்கம், மன அமைதி, நினைவு ஆகியவையும் அடங்கும்; மண்ணீரல் என்பதில் செரிமானமும் உணவிலிருந்து ஆற்றல் எடுப்பதும் அடங்கும். ஆகவே தேர்வுக் காலத்தில் உறக்கம் கெட்டு, மனம் படபடத்து, நாக்கு நுனியில் புண் வந்த மாணவரை அவர்கள் இதயத் தீ என்று வகைப்படுத்தும்போது, அந்தச் சொல் உறக்கத்தையும் படபடப்பையும் புண்ணையும் ஒன்றாகக் கட்டுகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் எரிச்சலும் மார்பு விம்மலும் நாக்கின் ஓரப் புண்ணும் சேர்ந்து வந்தால் கல்லீரலின் தேக்கம் தீயாக மாறியது என்பார்கள்.

இடம் ஒரு குறிப்பு மட்டுமே. அதை வைத்தே முடிவுகட்டக் கூடாது. நாக்கின் நுனியும் ஓரமும் பற்களில் உரசும் இடங்கள் என்பதால் அங்கே புண் வருவதற்கு எளிய காரணமும் இருக்கிறது. இடத்தைவிட அடுத்து வரும் பகுப்பே முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

நிறைந்த தீயா, வெறுமையின் தீயா

அடுப்பில் வைத்த சட்டி இரண்டு வகையில் காயலாம். விறகு அதிகமாகித் தீ பொங்கி எரிந்தால் காயும். தீ அளவாகவே இருந்தும் சட்டியில் நீர் வற்றிப்போனாலும் காயும். முன்னதில் விறகைக் குறைக்க வேண்டும். பின்னதில் நீரை ஊற்ற வேண்டும். சீன மருத்துவம் முன்னதை நிறைவின் தீ என்றும் பின்னதை வெறுமையின் தீ என்றும் பிரிக்கிறது.

நிறைவின் தீயால் வந்த புண் திடீரென்று வரும். ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். சுற்றிலும் சிவப்பு அடர்ந்திருக்கும். உணவு பட்டாலே துடிக்க வைக்கும். குளிர்ந்த நீரைக் கேட்கும் தாகம், மலச்சிக்கல், வாய்நாற்றம், சிவந்த நாக்கில் மஞ்சள் படிவு, வேகமும் வலுவுமான நாடி ஆகியவை உடன் இருக்கும். வறுவலும் காரமும் மதுவும் சேர்ந்த விருந்துகளுக்குப் பின் வருவது பெரும்பாலும் இந்த வகை, இதை இரைப்பை வெப்பம் என்பார்கள். உறக்கமின்மையும் படபடப்பும் நுனிப்புண்ணும் முன்னே நின்றால் இதயத் தீ. இதயமும் சிறுகுடலும் இணைந்த உறுப்புகள் என்பது அவர்கள் கோட்பாடு. அதனால் இதயத் தீ கீழே இறங்கிச் சிறுநீரை மஞ்சளாகவும் எரிச்சலாகவும் ஆக்கும் என்கிறார்கள். நாக்குப் புண்ணுக்குப் போனவரிடம் சிறுநீரைப் பற்றிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

வெறுமையின் தீ வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒன்றிரண்டு சிறிய புண்கள் வரும், ஆறும், சில வாரங்களில் மறுபடி வரும். வலி மிதமாக இருக்கும். சுற்றுச் சிவப்பு மங்கலாக இருக்கும். இரவில் கண்விழித்த பிறகு கூடும். வாய் உலரும், ஆனால் ஓரிரு மிடறு நீரே போதும். பிற்பகலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் காயும், இரவில் வியர்க்கும், நாக்கு சிவந்து, மெலிந்து, படிவு குறைந்திருக்கும். நீண்ட நாள் உறக்கமின்றி உழைத்தவர்களிடமும் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உள்ள பெண்களிடமும் இதை அதிகம் சொல்வார்கள்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. குளிர்ச்சி தேடும் பழக்கத்தால் மிகவும் தவறாகக் கையாளப்படுவது இதுதான். புண் வெளுத்திருக்கும், சுற்றிலும் சிவப்பே இருக்காது. களைப்பு வந்தால் புண் வரும். கைகால் குளிர்ந்திருக்கும், மலம் இளகிப் போகும், நாக்கு வெளுத்து உப்பிப் பற்தடம் பதிந்திருக்கும். இங்கே மண்ணீரலின் ஆற்றல் தளர்ந்ததால் தீ தன் இடத்தில் நிற்காமல் மேலே மிதக்கிறது என்பது 13ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி தோங்யுவானின் விளக்கம். இனிப்பும் வெதுவெதுப்பும் உடைய மருந்துகளால் இந்தத் தீயைத் தணிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இப்படிப்பட்டவர் நாள்தோறும் இளநீரும் கசப்புத் தேநீரும் குடித்தால் வயிறு மேலும் தளர்ந்து புண்ணும் நிலைத்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் இரத்தப் பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரும்புச்சத்து, ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு அடிக்கடி வரும் வாய்ப்புண்ணுக்கு நன்கு அறியப்பட்ட காரணம். இரும்புக் குறைவில் நாக்கு வெளுக்கிறது. பி12 குறைவில் நாக்கு சிவந்து வழுவழுப்பாகிறது. முன்னதை ஆற்றல் தளர்ச்சி என்றும் பின்னதை நீர்மை வற்றல் என்றும் சீன மருத்துவர் படிக்கக்கூடும். புலால் உண்ணாதவர்களுக்குப் பி12 குறைவதற்கான வாய்ப்பு கூடுதல். குறைபாடு இருந்தால் அதை நேரடியாக நிரப்புவதே முறை.

மருந்துக் கலவைகள்

இதயத் தீக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வரும் கலவை தாவ் சி சான். சோங் வம்சக் காலத்துக் குழந்தை மருத்துவர் ச்சியன் யியின் பெயரில் 1119இல் தொகுக்கப்பட்ட நூலில் இருப்பது. பதப்படுத்தாத டி ஹுவாங் (ரெமானியா) கிழங்கு, மூ தோங் கொடித்தண்டு, மூங்கில் இலை, அதிமதுரம் என்ற நான்கே சரக்குகள். தீயை அடித்து அணைக்காமல் சிறுநீர் வழியே இறக்கிவிடும் அதன் எளிமையும், குழந்தையின் மென்மையான உடலைக் கருதி கிழங்கால் நீர்மையைக் காத்த அக்கறையும் போற்றத்தக்கவை.

ஆனால் அந்தக் கொடித்தண்டில்தான் ஒரு பெரிய தீங்கு நேர்ந்தது. அகேபியா இனக் கொடிக்குப் பதிலாக, பிற்காலத்தில் குவான் மூ தோங் என்னும் வேறொரு கொடி சந்தையில் புகுந்தது. அது அரிஸ்டோலோகியா இனம். அவ்வினத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகத் தரப்பட்ட மூலிகை மாத்திரைகளில் இதே இனத்தின் வேறொரு செடி மாறிச் சேர்ந்ததால் பலரின் சிறுநீரகம் பழுதானது 1993இல் வெளிவந்தது. சீனா 2003இல் குவான் மூ தோங்கை விலக்கியது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே இனத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். இணையத்தில் பெயர் தெரியாத விற்பனையாளரிடம் மூ தோங் சேர்ந்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

இரைப்பை வெப்பத்துக்கு ஹுவாங் லியான் என்னும் கடும் கசப்பு வேர் சேர்ந்த கலவைகளைத் தருவார்கள். அதிலுள்ள பெர்பெரின், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை மிகுவிக்கும் என்ற அச்சத்தால் சிங்கப்பூர் 1978 முதல் பல்லாண்டுகள் அதைத் தடைசெய்திருந்தது. 2013இல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கியது. நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெறுமையின் தீக்கு டி ஹுவாங் கிழங்கை அடிப்படையாகக் கொண்ட உருண்டைகளையும், மண்ணீரல் தளர்ச்சிக்கு ஹுவாங் ச்சி வேரும் ஜின்செங்கும் சேர்ந்த கசாயத்தையும் பயன்படுத்துகிறார்கள். அதிமதுரம் பெரும்பாலான கலவைகளில் இருக்கும். தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

நிறைவின் தீ என்று தெளிவாகத் தெரிந்தால் வறுவல், மிளகாய், ஆட்டிறைச்சி, மது, துரியன், லிச்சி ஆகியவற்றைச் சில நாள் நிறுத்திவிட்டு, பச்சைப்பயறுக் கஞ்சி, பாகற்காய், வெள்ளரி, பேரிக்காய், செவ்வந்திப்பூத் தேநீர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இதயத் தீக்குத் தாமரை விதையின் நடுவில் உள்ள கசப்பான பச்சை முளையைச் சிறிதளவு வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். குவாங்தோங், ஹாங்காங், மக்காவ் பகுதிகளின் குளிர்ச்சித் தேநீர்க் கடைகள் இதற்காகவே பெயர்பெற்றவை. அந்த மரபை 2006இல் சீனா தன் தேசியப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு அந்தக் கடைகள் புதியவை அல்ல. அங்கே சுவான் ஷின் லியான் என்ற பெயரில் மாத்திரையாகக் கிடைப்பது நம் நிலவேம்புதான். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் கசப்புத் தேநீரைத் தொடர வேண்டாம்.

வெறுமையின் தீ உள்ளவர்களுக்கு இரவு பதினொரு மணிக்கு முன் உறங்குவதே முதல் மருந்து. வெண்ணிற மரக்காளானும் பேரிக்காயும் சேர்த்துச் சமைத்த இனிப்புச் சாறு துணைசெய்யும். மண்ணீரல் தளர்ந்தவர்கள் சூடான கஞ்சி, சிறிது இஞ்சி, பேரீச்சை போன்ற எளிய உணவுகளோடு நின்று, பனிக்கட்டி நீரை விலக்க வேண்டும்.

புண்ணின் மேல் தூவும் பொடிகளில் சீனாவின் குய்லின் நகரத்துத் தர்பூசணி உறைப்பொடி பரவலாகக் கிடைக்கிறது. 1617ஆம் ஆண்டு நூலொன்றில் இருந்து வரும் பிங் பெங் சான் என்ற பொடியில் வெங்காரம், போர்னியோல் ஆகியவற்றோடு சாதிலிங்கமும் உண்டு. சாதிலிங்கம் பாதரசச் சேர்மம் என்பதால் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், குழந்தைகளுக்கு நிச்சயமாகக் கூடாது. இதற்கு மாறாக, லி ஷிஷென் 1596இல் அச்சான தம் மூலிகைப் பெருநூலில் சொல்லும் முறை ஒன்று உண்டு. வு சு யூ என்ற காயின் பொடியை வினிகரில் குழைத்து இரவில் உள்ளங்காலில் பற்றிட்டால் மேலே ஏறிய தீ கீழே இறங்கும் என்பது அதன் கருத்து. தோல் சிவந்தால் உடனே கழுவிவிட வேண்டும் என்பதைத் தவிர இதில் கேடு குறைவு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ஹெகு என்னும் அக்குபங்சர் புள்ளியை அழுத்துவதும் வலியைக் குறைக்கச் சொல்லப்படும் வழி. கர்ப்பிணிகளுக்கு அதை மரபே தடுக்கிறது.

எந்த மருந்தையும் மதிப்பிடும்போது, சிறு புண்கள் இரண்டு வாரத்துக்குள் தாமாகவே ஆறும் என்பதை மறக்கக் கூடாது. ஐந்தாம் நாள் குடித்த தேநீரால் எட்டாம் நாள் புண் ஆறியது என்று சொல்ல இயலாது. ஒரு குறிப்பேட்டில் புண் வந்த தேதி, இடம், எண்ணிக்கை, அந்த வாரத்தின் உறக்கம், உணவு, மாதவிடாய் நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். சில மாதங்களில் இரண்டு தடவைகளுக்கு இடைப்பட்ட காலம் நீள்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

மருத்துவரிடம் போகும்போது

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படியும் மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படியும் மரபு மருத்துவர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பெயர்ப் பதிவைச் சரிபார்த்த பிறகே செல்லுங்கள். சிங்கப்பூரின் தோங் சாய் மருத்துவ நிலையம் 1867இல் தொடங்கப்பட்டு, இனவேறுபாடு பார்க்காமல் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் அளித்து வந்தது என்பதால், தமிழர்கள் இத்தகைய இடங்களுக்குச் செல்வதில் தயங்க வேண்டியதில்லை.

சந்திப்புக்கு முன் நாக்கை வழிக்காமலும் காபி குடிக்காமலும் செல்லுங்கள். குறிப்பேட்டையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும், இப்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள்; இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்பவர்களும், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டுபவர்களும் அதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எந்த வகைத் தீ என்று அவர் முடிவுசெய்தார், எந்த அறிகுறிகளை வைத்து, எத்தனை நாளில் மாற்றம் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். தரப்படும் ஒவ்வொரு சரக்கின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் அந்தத் தாள் அவருக்குத் தேவைப்படும்.